காட்டுமாடு வருமுன் கண்ணியை அறுங்கள்

2025 மார்ச் 15ஆம் திகதி, சனிக்கிழமை. காலை எட்டு மணி தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள், தங்கள் வளவில் கண்ணில் படும் குரங்கு, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லும்படி அரசாங்கம் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டது. பயிரழிவு தாங்காமல் விவசாயிகள் எழுப்பிய குரலுக்கு விவசாய அமைச்சு கொடுத்த பதில் அது. சில மாதங்களில் கணக்கு வெளியானது. செங்குரங்கு மட்டும் 50 இலட்சத்துக்கு மேல். மயில் 40 இலட்சத்துக்கு மேல். ஒரே கூட்டத்தை அடுத்தடுத்த வீட்டார் எல்லோரும் எண்ணியிருந்தால் தொகை என்னவாகும் என்று உயிரியல் அறிஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கு உறுத்தியது வேறொன்று. நம் பயிரைத் தின்பவை எத்தனை என்று விசாரித்த அந்தக் கணக்கில், அவற்றைத் தின்பவை எத்தனை என்று விசாரிக்க இடமே இருக்கவில்லை.

மலையகத்தில் அவற்றைத் தின்னும் பெரிய விலங்கு ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. சிறுத்தை. இலங்கை முழுவதிலுமாக ஆயிரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடும் விலங்கு. அதைப் பார்க்க யால காட்டுக்கு வெளிநாட்டார் ஜீப்பில் போகிறார்கள். பொகவந்தலாவையிலும் நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் எங்கள் பெண்கள் கொழுந்துக் கூடையோடு அதன் அருகிலேயே நின்று வேலை செய்கிறார்கள். நான் அப்படி ஒரு பெண்ணின் மகள். பொகவந்தலாவைப் பக்கத்து லயமொன்றில் பிறந்து, தோட்டப் பாடசாலைகளிலேயே படிப்பித்து ஓய்வு பெற்றவள். விலங்கியல் படித்தவள் அல்ல. ஆனால் இந்த மலையில் என்ன இருந்தது, என்ன போனது, என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகத் தேடித் தேடிப் படித்தவள்.

குரங்கைக் குறைப்பது பற்றியும், அழிந்த விலங்கைத் திரும்பக் கொண்டுவருவது பற்றியும் இப்போது ஒரே மூச்சில் பேசுகிறார்கள். 2023இல் 1 இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை வந்தது. எதிர்ப்பிலும் வழக்கிலும் நின்றுபோனது. இன்னொரு பக்கம், நம் நாட்டில் அழிந்துபோன காட்டுமாட்டை மீண்டும் உண்டாக்க இந்தியாவிடம் ஆறு மாடுகள் கேட்டிருப்பதாகவும், முதலில் உடவளவையில் அடைப்புக்குள் வைத்துப் பார்ப்பார்கள் என்றும் செய்தி வந்தது. இந்தப் பேச்சுகள் எதிலும் தோட்டத்து மக்களை யாரும் கூப்பிட்டுக் கேட்டதாக நான் அறியவில்லை. ஆகவே நானே சொல்கிறேன். போன விலங்கைக் கொண்டுவருவதற்கு முன், இருக்கும் விலங்கைச் சாகடிக்கும் கம்பிக் கண்ணியை இந்த மலைகளில் இருந்து அகற்றுங்கள். அதை அகற்ற வேண்டுமானால், அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் வயிற்றையும் பயத்தையும் கணக்கில் எடுங்கள்.

போனது எது என்று முதலில் பார்ப்போம். காட்டுமாடு வெள்ளைக்காரன் மலைக்கு ஏறுவதற்கு முன்பே போய்விட்டது. கண்டி அரசனிடம் கைதியாக வாழ்ந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், அரசன் வளர்த்த விலங்குகளில் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறார். அதற்குப் பிறகு அதை உயிரோடு கண்டவர் என்று சொல்ல எவருமில்லை. மஸ்கெலியா, சாமிமலைப் பக்கத்துக் கவரவில தோட்டத்தின் பெயரிலும் அந்த மாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால், சிவனொளிபாதமலையின் அடியில் குருவிட்டவில் சிங்கத்தின் பல்லும் புலியின் பல்லும் கிடைத்திருக்கின்றன. இன்றைய மனிதர் எவரும் பொறுப்பேற்க முடியாத பழைய காலம் அது. அதைத் திரும்பக் கொண்டுவரும்படி யாரும் கேட்கப் போவதில்லை.

யானையின் கதை அப்படியல்ல. அது நேற்று நடந்தது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்து, வேட்டை நாய்களை வைத்துக்கொண்டு ஹோட்டன் சமவெளியில் மரைகளைத் துரத்தினார். அவர் எழுதிய இரண்டு நூல்களைப் படித்தால், இன்று கோவாவும் லீக்ஸும் விளையும் அதே நிலத்தில் யானைத் தடம் கிடந்தது தெரியும். பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் கொன்ற யானைகள் 1,400 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் 1845 ஜூனில் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். கல்லறை நுவரெலியா கோல்ஃப் மைதானத்தை ஒட்டிக் கிடக்கிறது. பாவம் பழிவாங்கியது என்று ஊரில் கதை சொல்வார்கள். யானை கொல்வது அன்று குற்றமாக இருக்கவில்லை, கூலி கிடைக்கும் வேலையாக இருந்தது. எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதிய நூலின்படி, 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அரசாங்கம் சன்மானம் கொடுத்திருக்கிறது. தெற்கே 1851 தொடங்கி 1856 வரை 2,000.

ஆனாலும் துப்பாக்கியை விடக் கோடரிதான் அதிகம் கொன்றது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சுட்டால் ஒரு யானை சாகும். காட்டை எடுத்தால் யானைக் கூட்டத்துக்குத் திரும்பி வர இடமிருக்காது. கோப்பிக்காக மலைச்சரிவுகளை வெட்டும்போது கீழிருந்து மேலாக மரங்களைப் பாதி பாதியாக வெட்டி நிறுத்தி, கடைசியில் உச்சி வரிசையை முழுசாக வெட்டிச் சாய்ப்பார்கள். மேல் மரம் கீழ் மரத்தின் மேல் விழ, ஒரு மலையே ஒரு கணத்தில் சரிந்து இறங்கும். பிறகு நெருப்பு. அந்த வெட்டு வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்தவர்கள் பெரும்பாலும் கண்டிச் சிங்களக் கிராமத்தவர். எரிந்த மண்ணில் குழி வெட்டி, கன்று நட்டு, கான் போட்டவர்கள் எங்கள் ஆட்கள். மன்னாரிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து வந்து, வழியிலேயே பலரைப் புதைத்துவிட்டு மலையேறியவர்கள். ஆகவே காட்டை அழித்தவர்கள் தோட்டத்து மக்கள் என்று இன்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இலாபம் இலண்டனுக்குப் போனது. கூலிக்கு வேலை செய்தவன் தலையில் பழியைப் போடக் கூடாது.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது. கோப்பி செத்த நிலத்தில் தேயிலை ஏறியது. அந்த அழிவு உச்சி வரை போகாமல் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. 1873இல், தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைக் கேட்டு, 5,000 அடிக்கு மேலே காடு வெட்டக் கூடாது என்று அன்றைய ஆட்சி நிறுத்தியது. நீருக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்தக் கோட்டுக்கு மேலே தப்பிய காட்டில்தான் சிறுத்தை தப்பியது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. யானை சமவெளிக்குத் திரும்பவில்லை. மரை திரும்பியது. 1969 வரை அங்கே உருளைக்கிழங்கு விளைவித்தார்கள்; அதை நிறுத்தி, வேட்டையையும் தடுத்த பிறகு மரை பெருகி, இன்று ஆயிரக்கணக்கில் நிற்கிறது. யாரும் லொறியில் ஏற்றி வந்து விடவில்லை. நிலத்தை விட்டோம், துப்பாக்கியை நிறுத்தினோம். அது போதுமாக இருந்தது. மரை பெருகியதால் சிறுத்தைக்கும் சாப்பாடு கிடைத்தது. இந்த நாட்டில் இரையையும் இரைகௌவியையும் மீட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பயணிகள் பனிஸ் நீட்டி, பிளாஸ்டிக் பையையும் சேர்த்துத் தின்னக் கொடுத்து அதைக் கெடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

சிறுத்தை காட்டோடு நின்றுவிடவில்லை. நம் தோட்டங்களில் மலை முகட்டிலும் ஓடைக்கரையிலும் துண்டு துண்டாகக் காடு இருக்கிறது. டர்பன்டைன் தோப்பு இருக்கிறது. வேலையாள் குறைந்து கைவிட்ட தேயிலை மலைகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கின்றன. அன்ட்ரூ கிட்டில், அஞ்சலி வொட்சன் ஆகிய இருவரும் பல வருடங்களாகக் கண்டியிலும் டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்திலும் தானியங்கிக் கெமராக்களைக் கட்டி வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது, தோட்டக்காட்டில் சிறுத்தை வழிதவறி வந்த விருந்தாளி அல்ல, குட்டி போட்டுக் குடியிருக்கும் விலங்கு என்பது. கேளையாடு, முள்ளம்பன்றி, முயல், குரங்கு, காட்டுப்பன்றி, மரை என்று கிடைத்ததைத் தின்கிறது. லயத்து நாயையும் தூக்கும்.

இதை எங்கள் பெண்கள் கெமரா இல்லாமலே அறிவார்கள். கவ்வாத்து வெட்டி மலை வெளிச்சமானால் அது அடுத்த மலைக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். கொழுந்து எடுக்கும்போது செடிக்கு அடியில் குட்டி கிடந்தால் தொடாமல் விலகிப்போய், கங்காணியிடம் சொல்லி, அன்றைக்கு அந்த மலையை விட்டுவிடுவார்கள். இரவோடு இரவாகத் தாய் வந்து தூக்கிப் போகும். நோர்வூட் பக்கத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவிடம் பயமில்லையா என்று கேட்டேன். "புலி மனுசச் சத்தம் கேட்டா ஒதுங்கிப் போயிரும் டீச்சர். குளவிகிட்டதான் ஓட ஏலாது" என்றார். மலையகச் செய்திகளை வாசிப்பவர்களுக்கு அந்தப் பதிலின் உண்மை தெரியும். குளவி கொட்டி வைத்தியசாலையில் சேர்த்தார்கள் என்ற செய்தி வராத மாதம் கிடையாது.

அதற்காகப் பயத்தை நான் சின்னதாக்க மாட்டேன். அடர்ந்த செடிக்குள் படுத்திருந்த சிறுத்தையை மிதிக்கப் போய் முகம் கிழிந்த பெண்கள் உண்டு. 1974இல், தோட்டங்களில் மனிதர் பட்டினியால் செத்த வருடத்தில், எங்கள் அப்பாயியின் சினை ஆட்டைச் சிறுத்தை கொண்டுபோனது. அந்த ஆடுதான் வீட்டின் சேமிப்பு. அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்திலிருந்தோ அரசாங்கத்திலிருந்தோ யாரும் வந்து கேட்கவில்லை. அந்த அழுகையைத் தள்ளி வைத்துவிட்டு வனவிலங்கைக் காப்போம் என்று பேச எனக்கு வாய் வராது.

கடலுக்கு அக்கரையிலும் எங்கள் உறவுகள் இதே விலங்கோடுதான் இருக்கிறார்கள். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் பலரை நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். என் சித்தி குடும்பமும் கூடலூர்ப் பக்கம் அப்படிப் போனதுதான். தொலைபேசியில் பேசும்போது, விடிகாலையில் வாசலில் காட்டுமாடு நின்றதால் வேலைக்குப் போகப் பிந்தியது என்று சித்தி மகள் சாதாரணமாகச் சொல்வாள். அங்கே குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டுமாடு தேயிலைக்குள்ளேயே மேய்கிறது. முட்டிச் செத்தவர்களும் உண்டு. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று வயதுப் பெண்பிள்ளையைச் சிறுத்தை கொன்றது. 2025 ஜூனில் வால்பாறையில் நாலு வயதுப் பெண்பிள்ளை. இரண்டு பிள்ளைகளும் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். எங்கள் தாத்தன்மார் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். விளக்கில்லாத வாசல், தள்ளி இருக்கும் கக்கூசு, வீட்டைச் சுற்றி வளர்ந்த புதர். ஆள் மாறியிருக்கிறது, வீடு மாறவில்லை. சிறுத்தையை நேசிப்பவர்கள் இந்தப் பிள்ளைகளின் மரணத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

இலங்கையில் அப்படி நேர்வது மிகக் குறைவு. மனிதரைத் தின்ற சிறுத்தை என்று நம் நாட்டில் பேர் வாங்கியது கிழக்கே புணானையில் 1924இல் கப்டன் ஷெல்டன் அகர் சுட்ட ஒன்றுதான். அதன் உடலைப் பதப்படுத்திக் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். ஆனால் சிறுத்தை மனிதரிடம் படும் பாடு குறைவல்ல. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையை அடித்துக் கொன்று, படம் பிடித்துப் பரப்பியதை நாடே பார்த்தது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நாட்களில், நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியில் கழுத்து மாட்டிக் கிடந்தது. அந்தப் பக்கத்துக் காட்டில் கருஞ்சிறுத்தை நடமாடுவதை அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் வனஜீவராசிகள் திணைக்களம் கெமராவில் பிடித்திருந்தது. மலைநாட்டிலிருந்து உடவளவை வரை கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். மே 29ஆம் திகதி செத்துப்போனது. அழகான விலங்கு செத்ததே என்று நாடு முழுக்க அழுதது. புள்ளி போட்ட சிறுத்தைகள் அதற்கு முன்னும் பின்னும் அதே கம்பியில் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கு அழ ஆளில்லை.

அந்தக் கண்ணியைப் பற்றி வெளியூரார் பேசுவது எனக்குப் போதவில்லை. அது சிறுத்தைக்கு வைக்கிற கண்ணி அல்ல. கேபிள் கம்பியில் ஒரு சுருக்கு. பன்றி போகும் தடத்தில், பன்றித் தலை உயரத்துக்கு, ஒரு கட்டையில் கட்டி விடுவார்கள். காட்டுப்பன்றி போகும் தடத்தில்தான் சிறுத்தையும் போகும். சிறுத்தையின் கழுத்தும் இடுப்பும் அதே உயரம். முன்னால் இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். பூனைச் சாதிக்குப் பின்வாங்கத் தெரியாமல் இல்லை, கம்பி விடாது. யார் வைக்கிறார்கள்? இறைச்சி விற்கும் சிலர் உண்டு. அவர்களைப் பிடித்துத் தண்டிக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் இன்னொருவனும் வைக்கிறான். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போஞ்சியும் உருளைக்கிழங்கும் போட்டவன். தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாயாக 2021 வரை காத்திருந்தவர்கள் நாங்கள். அந்த நாலு பாத்திதான் பிள்ளையின் கொப்பிக்கும் செருப்புக்கும் காசு. ஒரே இரவில் பன்றிக்கூட்டம் அதைக் கிண்டிப் புரட்டிப் போட்டால் மறுநாள் அவன் கம்பி தேடுவான். அவனுக்கு வேலி கொடுத்தால் கம்பி தேட மாட்டான்.

சிறுத்தை போதுமான அளவு இருந்தால் பன்றியும் குரங்கும் குறையும், ஆகவே அதைப் பெருக்குங்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் பாதிதான் ஏற்கிறேன். அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் 1995லும் 1996லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். மான் குறைந்து, மரம் தழைத்து, ஆறே திருந்தியது என்று உலகம் முழுக்கக் கதை பரவியது. ஓநாய் மட்டுமா அதைச் செய்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் குரங்கு பெருகியதற்குக் குப்பையும் ஒரு பெரிய காரணம். நுவரெலியா, ஹட்டன் நகர்க் குப்பைமேடுகளைச் சிறுத்தை கூட்ட முடியாது. சிறுத்தை நம் பயிரைக் காவல் காக்கும் என்று விவசாயிக்கு வாக்குக் கொடுத்தால், அது பொய்க்கும் நாளில் அவனுடைய கோபம் சிறுத்தை மேல்தான் விழும். அது இந்த மலைக்கு நம்மை விட மூத்த உயிர். நமக்கு என்ன பயன் தரும் என்று பார்த்துத்தான் அதை வாழவிட வேண்டும் என்பதில்லை.

காட்டுமாடு விஷயத்தில் எனக்குத் தயக்கமே அதிகம். இந்தியா 2022 செப்டெம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகளையும், அடுத்த பெப்ரவரியில் தென்னாபிரிக்காவிலிருந்து பன்னிரண்டையும் குனோ காட்டுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் பல செத்தன, சில குட்டி போட்டுப் பெருகின, வாதம் ஓயவில்லை. அத்தனை பெரிய நாடு, அத்தனை பெரிய செலவு. நம் சின்னத் தீவில் முந்நூறு வருடத்துக்கு முன் போன மாட்டை விடக்கூடிய காடு எங்கே மிச்சமிருக்கிறது? உடவளவையில் யானைக்கே புல் போதாமல் அவை ஊருக்குள் வருகின்றன. நாளை மாடு பெருகினால், குளிரும் புல்லும் இருக்கிறதென்று மலைநாட்டுக்குத்தான் பார்வை திரும்பும். அங்கே வரிசை வரிசையாக லயம் இருக்கிறது. நீலகிரியில் நடப்பது இங்கும் நடக்கும். அந்த மாடு இந்த மண்ணுக்கு உரியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சொந்த மண்ணில் மிஞ்சியிருப்பதைக் கம்பியில் சாகவிட்டுக்கொண்டு, போனதை வெளியிலிருந்து வரவழைப்பதை என்னால் மீட்பு என்று ஏற்க முடியவில்லை.

என்ன செய்யலாம் என்பதற்கு நமக்குத் தூரத்தில் தேட வேண்டியதில்லை. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த காட்டுத் துண்டுகளில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டுக் காட்டை மீட்டது. யானை எந்த மலையில் நிற்கிறது என்று தொழிலாளிக்குக் கைத்தொலைபேசியில் செய்தி போகும் ஏற்பாட்டையும், யானை பக்கத்தில் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும் ஏற்பாட்டையும் செய்தது. தொழிலாளிக்குத் தகவல் போனதால் உயிர் தப்பியது. இதே வேலையைப் பிரட்டுக் களத்திலேயே தொடங்கலாம். காலையில் பேர் கூப்பிடும்போதே, நேற்று எந்த மலையில் தடம் கண்டது, குட்டி எங்கே கிடந்தது என்று சொல்லிவிட்டு வேலை பிரித்தால் பாதி ஆபத்து போகும். கம்பனிகள் புல்வெட்டுச் செலவைக் குறைத்து மலைகளைக் காடாக விட்டுவிட்டு, அதற்குள்ளேயே பெண்களைக் கொழுந்தெடுக்க அனுப்பக் கூடாது. தேயிலை என்றால் துப்புரவாக வையுங்கள். காடு என்றால் காடாகவே விட்டு, ஓடைக்கரை வழியே மேல் காட்டோடு சேர்த்துவிடுங்கள். அப்போது கேளையும் மரையும் பன்றியும் அங்கேயே நிற்கும். சிறுத்தைக்கு லயத்து நாயைத் தேடி வரும் தேவையும் குறையும்.

கண்ணி அகற்றுவதைப் பொலிஸ் வேலையாக மட்டும் பார்க்கக் கூடாது. எந்த ஓடையில், எந்த முகட்டில் கம்பி கட்டுவார்கள் என்று தோட்டத்து வாச்சருக்கும் புல்வெட்டும் இளைஞருக்கும் தெரியும். அவர்களில் சிலரை அந்த வேலைக்கென்றே பெயரிட்டு, ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து, தோட்டம் தோட்டமாகத் தேட விடுங்கள். மரக்கறிப் பாத்திகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பொதுவான வேலி அடிக்கத் தோட்டமும் பிரதேச சபையும் கம்பித் தூணுக்குப் பணம் போடட்டும். ஆடு மாட்டுக்கு இரவில் பூட்டக்கூடிய தொழுவம் வேண்டும். இழந்தவனுக்கு நட்டஈடு அந்த மாதத்திலேயே கையில் வர வேண்டும். படிவத்தைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குக் கந்தோர் அலையவிடக் கூடாது. இவற்றைத் தீர்மானிக்கும் கூட்டங்களில் துரைமாரும் அதிகாரிகளும் மட்டும் உட்காராமல், கொழுந்தெடுக்கும் பெண்களும் உட்கார வேண்டும். அந்த மலையில் நாள் முழுக்க நிற்பவர்கள் அவர்கள்தான்.

இவற்றோடு இன்னொன்றை இந்த வருடமே செய்யலாம். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு சிறுத்தை கம்பியில் மாட்டினால், மயக்க ஊசி போடத் தெரிந்த மிருக வைத்தியர் ரந்தெனிகலயிலிருந்து வர வேண்டியிருக்கிறது. வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில், மழையிலும் மூடுபனியிலும், அவர் வந்து சேர மணிக்கணக்காகும். அதற்குள் கூட்டம் கூடிவிடும். படம் எடுப்பார்கள், சத்தம் போடுவார்கள். விலங்கு இழுத்து இழுத்துக் கம்பியை இன்னும் இறுக்கிக்கொள்ளும். கம்பி அறுந்தால் கூடி நிற்பவர்களில் யாரையாவது கிழிக்கும். ஊசித் துப்பாக்கி, கூண்டு, வாகனம், தமிழிலும் சிங்களத்திலும் மக்களோடு பேசத் தெரிந்த இரண்டு உதவியாளர்கள், இவற்றோடு ஒரு வனஜீவராசி மிருக வைத்தியரை ஹட்டனில் நிரந்தரமாக நியமிக்கும்படி நுவரெலியா மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.